அக்ரி படிக்கலாமா, வயலில் இறங்கலாமா? மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஆரம்பிக்கும் கேள்விகள் இவை. மாணவர்கள் ஒரு மாதிரி கேட்கிறார்கள், அப்பா அம்மா வேறு மாதிரி கேட்கிறார்கள். நகரத்து வேலையை விட்டு ஊருக்கு வர நினைக்கும் முப்பது வயதுக்காரர்கள் கேட்பது இன்னொரு ரகம். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விவசாயம் என்றாலே பிடிப்பதில்லை. சோம்பல்தானே காரணம்?

சோம்பல் என்றால் ராத்திரி பகலாக டெலிவரி பைக் ஓட்ட மாட்டார்கள். அவர்கள் கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க விவசாயிகளிடம் கேட்டபோது, வேறு வழி இருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடுவோம் என்று 40 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் இன்றைய இளைஞர்களின் அப்பாக்களும் தாத்தாக்களும். "எங்களோட போகட்டும், நீயாவது படிச்சுப் பொழைச்சுக்கோ" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு விவசாயத்தில் திடீரென்று ஆசை எங்கிருந்து வரும்?

அதே நிறுவனத்தின் 2018-19 கணக்குப்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். தமிழ்நாட்டில் 11,924. அகில இந்தியக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: பயிரில் வந்தது 3,798 ரூபாய், கூலி, சம்பளத்தில் வந்தது 4,063 ரூபாய். பெயர் விவசாயக் குடும்பம், ஆனால் அடுப்பை எரிய வைப்பதில் கூலிக்குத்தான் பெரிய பங்கு. இதைப் பிள்ளைகள் புள்ளிவிவரத்தில் படிக்கத் தேவையில்லை, வீட்டிலேயே பார்க்கிறார்கள்.

நிலத்தின் அளவும் சேர்ந்துகொள்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலக் கைப்பற்று, அதாவது ஒரு விவசாயி கையில் இருக்கும் நிலம், 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதை அண்ணன் தம்பி இருவர் பிரித்தால் ஆளுக்கு என்ன மிஞ்சும்?

அப்படியென்றால் பி.எஸ்சி. அக்ரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு போட்டி?

படிப்பும் தொழிலும் வேறு வேறு என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால். அக்ரி சேருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விவசாயி ஆவதற்காகச் சேரவில்லை. அரசு வேலை, வங்கி வேலை, யு.பி.எஸ்.சி. தேர்வு என்று வேறு ஏதோ ஒரு வாசலைப் பார்த்துத்தான் வருகிறார்கள். மருத்துவம் கிடைக்காமல் வந்தவர்களும் வகுப்பில் கணிசமாக இருப்பார்கள். நீட் வந்த பிறகு, உயிரியல் படித்த பிள்ளைக்கு அடுத்த நல்ல இடம் என்று வீடுகளில் பேசப்படுவது கால்நடை மருத்துவமும் அக்ரியும்தான்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. பசுமைப் புரட்சி விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குடும்பம், வீட்டின் எதிர்பார்ப்பும் அதுதான். 1943 வங்கப் பஞ்சம் அவர் மனதை மாற்றியது, கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்கு வந்தார். பிறகு ஐ.பி.எஸ். தேர்வில் தேறியும் அதை விட்டுவிட்டு மரபியல் படிக்கப் போனார். முதல் விருப்பமாக வராத படிப்பு ஒருவரை எங்கே கொண்டுபோகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நீட் எழுத வேண்டுமா?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு வேண்டாம். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண் படிப்புகளுக்கும் பொருந்தும். கிராமத்துப் பிள்ளைகள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள். ப்ளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை எடுத்தவர்களுக்கும் வழி உண்டு, தகவல் கையேட்டைப் பாருங்கள்.

எந்தக் கல்லூரி நல்லது? தனியாரில் சேரலாமா?

1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி பிறகு கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியானது. அதிலிருந்து 1971இல் உருவானதுதான் வேளாண்மைப் பல்கலைக்கழகம். கோவை, மதுரை, கிள்ளிகுளம், திருச்சி நாவலூர் குட்டப்பட்டு, பெரியகுளம் (தோட்டக்கலை), மேட்டுப்பாளையம் (வனவியல்) என்று அதன் உறுப்புக் கல்லூரிகள் பரவியிருக்கின்றன. இவற்றில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும் பழைய, பெயர் பெற்ற இடம்.

தனியாரில் இரண்டு வகை இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றவை ஒன்று, தனியாக நடப்பவை இன்னொன்று. இரண்டாவது வகையில் சேரும் முன், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று காகிதத்தில் பார்த்துவிடுங்கள். "வந்துவிடும்" என்று வாயால் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அப்புறம் கல்லூரிக்கு நேரில் போய் ஒன்று கேளுங்கள்: பண்ணை எத்தனை ஏக்கர், எங்கே இருக்கிறது? பண்ணையைக் காட்டத் தயங்குகிற வேளாண் கல்லூரியில் படிக்க ஒன்றும் இல்லை.

சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம். நான்கு வருடப் படிப்பில் மண்ணியல், உழவியல், பூச்சியியல், பயிர் நோய், பயிர் மரபியல், வேளாண் பொருளாதாரம், விரிவாக்கம் (புதிய முறைகளை விவசாயியிடம் கொண்டுபோவது) என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். கூடவே ஆளுக்கு ஒரு துண்டு நிலத்தில் பயிர் வைத்து அறுவடை வரை பார்க்கும் செய்முறைப் பாடம் உண்டு. நாற்று விடுவது, நடுவது, களை எடுப்பது எல்லாம் உங்கள் கையால்தான்.

கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கிப் படிக்க வேண்டும். பத்திரிகைகளில் "வேளாண் கல்லூரி மாணவிகள் செயல் விளக்கம்" என்று வாழைக் கன்று நேர்த்தி செய்யும் படம் போடுவார்களே, அது இந்தக் காலத்தில் எடுத்ததுதான். படத்துக்கு நின்றுவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு விவசாயியோடு காலையில் மோட்டார் போடப் போய், கரண்டுக்குக் காத்திருந்து, மண்டியில் விலை கேட்டு வாடிப்போகும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மூன்று வருடம் படித்ததெல்லாம் அப்போதுதான் பிடிபடும். என்னைக் கேட்டால் இந்தத் தங்கலை முதல் வருடத்திலேயே ஒரு மாதம் வைக்க வேண்டும். பிடிக்காதவர்கள் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

டிப்ளமோ போதுமா?

இரண்டு வருட வேளாண்மை, தோட்டக்கலை டிப்ளமோக்கள் தமிழ் வழியிலும் இருக்கின்றன. உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு டிப்ளமோதான் தகுதி. சொந்தமாக விவசாயம் செய்யப்போகிறவருக்கும் இது வீண் போகாது.

படித்து முடித்தால் என்ன வேலை?

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர் தேர்வு. வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். தேர்வு வழியாக வேளாண் கள அலுவலர் பணி. இந்திய வனப் பணி எழுதவும் இந்தப் பட்டம் போதும். மேலே படித்தால் விஞ்ஞானி, பேராசிரியர் பதவிகள்.

சிக்கல் இங்கேதான். அரசு அறிவிப்பு ஒவ்வொரு வருடமும் வராது. வந்தாலும் இடங்கள் கொஞ்சம், எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். கோச்சிங் சென்டரிலேயே மூன்று நான்கு வருடம் போய்விடுகிறது. விதை, உரம், பூச்சி மருந்துக் கம்பெனிகளில் உடனே வேலை கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் விற்பனை வேலை. டார்கெட், பைக், மாவட்டம் மாவட்டமாக அலைச்சல். அதைக் கீழாக நினைக்க வேண்டாம். எந்த ஊரில் என்ன பயிர், எந்த மாதம் என்ன நோய், எந்த வியாபாரி நாணயம் என்பதெல்லாம் இரண்டு வருடத்தில் அத்துப்படி ஆகிவிடும். பின்னால் சொந்தத் தொழில் தொடங்கிய பலர் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

பூச்சி மருந்துக் கடை உரிமத்துக்கு இப்போது படிப்புத் தகுதி கேட்கிறார்கள், வேளாண் பட்டம் அதற்கு நேரடியாகச் செல்லும். சொந்த ஊரில் கடை வைத்து, கூடவே நல்ல ஆலோசனையும் சொன்னால் கூட்டம் தானாக வரும்.

அக்ரி படித்தவர்களே விவசாயத்துக்கு வராதபோது, அந்தப் படிப்பு எதற்கு?

டாக்டருக்குப் படித்தவர் எல்லாம் ஆஸ்பத்திரி கட்டுவதில்லை. அதிகாரியாக, ஆராய்ச்சியாளராக, வங்கியில் கடன் கொடுப்பவராக வேளாண்மை தெரிந்தவர் இருப்பது விவசாயிக்கு நல்லதுதான்.

ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. படிப்பின் உள்ளடக்கமே மாணவரை அலுவலராக்கும் நோக்கில் செய்யப்பட்டது. ஹெக்டேருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து என்று மனப்பாடமாகச் சொல்லத் தெரியும். இரண்டு ஏக்கரில் இந்தப் போகம் லாபமா நஷ்டமா என்று கேட்டால் விழிப்பார்கள். பேரம் பேச, கடன் கணக்கு எழுத, ஆள் கிடைக்காத நாளில் சமாளிக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர்தான். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அங்கே செய்யும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று வெளியேறினார். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் தொடங்கிய வானகம் என்ற பண்ணைக்குப் பயிற்சிக்கு வந்தவர்களில் வேளாண்மை படிக்காத, கணினி வேலையில் இருந்த இளைஞர்கள் நிறைய. அவருடைய எல்லாக் கருத்துகளையும் ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: விவசாயம் கௌரவமான வேலை என்று ஒரு தலைமுறை இளைஞர்களை நினைக்க வைத்தார்.

விவசாயக் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் வயலை விட்டுப் போகிறார்களே, அதையும் வருத்தமாகப் பார்க்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. "மண்ணை மறந்த தலைமுறை" என்று கட்டுரை எழுதுகிறவர்கள் நிலம் வைத்திருக்கும் குடும்பத்தை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறார்கள். நாகை மாவட்டக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் நடுவில். பண்ணையாளாக இருந்த தாத்தாவின் பேரன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய் மாதச் சம்பளம் வாங்குவது அந்தக் குடும்பத்துக்கு விடுதலை. அவனை வயலுக்குத் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. நிலத்தின் ஒரு பங்கோடு கூப்பிட்டால் அது வேறு பேச்சு.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வரலாமா?

வரலாம். ஆனால் வேலையை முதலில் விடாதீர்கள். யூடியூபில் வெற்றிக் கதைகள் மட்டும்தான் வரும், ஏனென்றால் இரண்டாம் வருடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறியவர் வீடியோ போடுவதில்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான். சேமிப்பில் பாதி போர்வெல்லுக்கும் வேலிக்கும் போய்விடும். ரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்திய நிலத்தில் முதல் சில போகங்கள் விளைச்சல் குறையும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி என்று பாரம்பரிய நெல் போட்டிருப்பார்கள், நன்றாகவே விளைந்திருக்கும். அறுவடைக்குப் பிறகுதான் தெரியும், கொள்முதல் நிலையத்தில் அதற்குத் தனி விலை கிடையாது என்று. அரிசியாக்கி, பை போட்டு, வாடிக்கையாளரை நீங்களே தேட வேண்டும். விற்கத் தெரிந்தவர் நிற்கிறார். பயிர் வைக்க மட்டும் தெரிந்தவர் திணறுகிறார்.

அதனால் என் யோசனை: ஊரில் யாரையாவது கூட்டுச் சேர்த்து ஒரு ஏக்கரில் தொடங்குங்கள், வார இறுதியில் போய் வாருங்கள். முதலில் பத்து வீட்டுக்கு விற்றுப் பாருங்கள். மாடு வாங்குவதை மட்டும் தள்ளிப் போடுங்கள், அது வார இறுதி வேலை கிடையாது.

சொந்த நிலம் இல்லை. முடியுமா?

குத்தகைக்கு எடுக்கலாம், வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுப்பதாக) எடுக்கலாம். தரிசாகக் கிடக்கும் நிலத்துக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. ஆனால் எழுத்தில் தர மாட்டார்கள். 1955ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் நிலக்காரர்களுக்கு. வாய் வார்த்தையில் எடுத்தவருக்கு வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் எல்லாமே சிக்கல். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) சாகுபடி செய்பவர் பெயர் ஏறுமா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நிலமே தேவைப்படாத வேலைகளும் இருக்கின்றன: நாற்றுப் பண்ணை, காளான், தேனீ, அறுவடை இயந்திர வாடகை, ட்ரோன் தெளிப்பு. ட்ரோன் ஓட்டும் சான்றுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் பயிற்சியில் சேரலாம். ட்ரோனை சொந்தமாக வாங்குவது வேறு கணக்கு, முதலில் இன்னொருவரிடம் ஓட்டுநராக இருந்து பாருங்கள்.

நிலம் இருக்கிறது, எனக்கும் ஆர்வம் இருக்கிறது. ஆனால் அப்பா எதையும் மாற்ற விடுவதில்லை.

வெளியில் அதிகம் பேசப்படாத காரணம் இதுதான். என் பார்வையில் வருமானத்துக்கு அடுத்தபடியாக இளைஞர்களை விரட்டுவதும் இதுதான்.

மகன் காலையில் தண்ணீர் கட்டுவான், மருந்து அடிப்பான், மூட்டை தூக்குவான். எந்த ரகம் போடுவது, எந்த மண்டிக்கு அனுப்புவது, பணத்தை என்ன செய்வது என்பதெல்லாம் அப்பா முடிவு. சில வீடுகளில் எண்பது வயதுத் தாத்தா முடிவு. முப்பது வயதிலும் செலவுக்குக் கை நீட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் கம்பெனியில் பதினைந்தாயிரம் வாங்கினாலும் அது அவன் கணக்கில் விழுகிறது.

காகிதமும் அப்படித்தான். பட்டா தாத்தா பெயரில், அல்லது கூட்டுப் பட்டாவில் செத்துப்போன பெரியப்பா பெயரோடு. பிரதமரின் கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய் வர, 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் மாறியது வாரிசு வழியாக வந்திருந்தால்தான் செல்லும். சொட்டுநீர் மானியம், கடன் அட்டை, காப்பீடு என எதற்குப் போனாலும் "சிட்டா உங்க பேர்ல இருக்கா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. உழைக்கிறவன் வயலில், உரிமை வேறு பெயரில்.

அப்பாக்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நின்ற பெரியவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் பத்திரம் பற்றிய பேச்சோடு தொடங்காதீர்கள். "ஒரு ஏக்கரை ஒரு வருஷம் என் கணக்கில விடுங்கப்பா, செலவும் என்னோடது, வரவும் என்னோடது" என்று கேளுங்கள். பெரும்பாலான அப்பாக்கள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதிப்பார்கள். நோட்டுப் போட்டு ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். நஷ்டம் வந்தாலும் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டுங்கள். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்.

விவசாயி மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்காதாமே?

கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பத்து ஏக்கர் தோப்பு இருக்கும் வீட்டிலேயே "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டால் விவசாயம் என்று சொல்லத் தயங்குகிறார்கள். ஜாதகத்தில் காட்டவே பைனான்ஸ் கம்பெனியில் ஒரு வேலை தேடிக்கொண்டவர்களும் உண்டு.

பெண் வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விவசாய வீட்டுக்கு வரும் மருமகளுக்கு விடிகாலைச் சாணி முதல் ராத்திரிச் சமையல் வரை வேலை, கையில் காசு கிடையாது என்பதை அந்தப் பெண்ணின் அம்மா அனுபவத்தில் அறிந்தவர். அவர் மகளை அனுப்பத் தயங்குவதில் என்ன ஆச்சரியம்?

பெண்கள் அக்ரி படித்தால்?

வேளாண் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறைய, மதிப்பெண்ணும் அவர்களுக்குத்தான் அதிகம். வயலிலும் நடவு, களை என்று பாதிக்கு மேல் அவர்கள் வேலை. நடுவில் உள்ள "விவசாயி" என்ற இடத்தில் மட்டும் ஆண் பெயர். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்தது, 2005இல் மத்தியச் சட்டமும் மாறியது. இருந்தும் "அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துடும்மா" என்ற ஒரு வரியில் அந்தப் பங்கு காணாமல் போகிறது. வேளாண்மை படித்த மகள் இருக்கும் வீட்டில், படிக்காத மகனிடம் நிலத்தைக் கொடுப்பது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை.

அரசு உதவி ஏதாவது?

வேளாண் மருத்துவமனை மற்றும் வேளாண் தொழில் மையம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2002 முதல் இருக்கிறது. வேளாண் பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 45 நாள் இலவச உறைவிடப் பயிற்சி. அதன்பின் தனிநபர் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டச் செலவுக்கு வங்கிக் கடனோடு 36 சதவீத மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். பயிற்சி எளிதில் கிடைத்துவிடும், வங்கியில்தான் இழுக்கும். திட்ட அறிக்கையைப் பயிற்சி நடக்கும்போதே எழுதி, மேலாளரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது, பட்டதாரிகளுக்கான அறிவிப்புகள் அதில் இருக்கும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. நகை அடகு வைத்து உரம் வாங்கும் முன் சொசைட்டிப் பக்கம் போய்வாருங்கள்.

எனக்கு 18 வயது. படிப்பா, நேராக வயலா?

மதிப்பெண் இருந்தால் படியுங்கள். நிலம் எங்கும் ஓடிவிடாது. லீவுக்கு வரும்போதெல்லாம் மண்டிக்கு மூட்டையோடு நீங்களும் போங்கள், விலை சொல்லும் இடத்தில் நில்லுங்கள்.

மதிப்பெண் இல்லை, படிப்பிலும் மனம் இல்லை என்றால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது, இன்று தமிழ்நாட்டின் மாவட்டங்களிலும் இருக்கிறது. காளான், நாற்று, கோழி, மதிப்புக்கூட்டல் என்று குறுகிய பயிற்சிகள் நடக்கும், கிராமப்புற இளைஞர்களுக்கென்றே தனிப் பயிற்சிகளும் உண்டு. போனில் கேட்டால் "அடுத்த மாதம் பாருங்கள்" என்பார்கள். நேரில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.